உள்காதுக்கு எட்டாத வானம்

காரைக்காலில் விமான நிலையம் கிடையாது. ஒன்றிய அரசு கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்த புதிய விமான நிலையங்களின் பட்டியலில் அதன் பெயர் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதே பட்டியலில் இருந்த கண்ணூரும் ஷீரடியும் கோவாவின் மோப்பாவும் விமானங்களைப் பார்த்துவிட்டன. காரைக்காலில் இதுவரை ஒன்றும் இறங்கவில்லை. துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் திருச்சிக்கோ சென்னைக்கோதான் வண்டி பிடிக்கிறார்கள்.

கணினித் திரையில் மட்டும் காரைக்காலுக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் பறக்கலாம். 2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஃப்ளைட் சிமுலேட்டரில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் தரையாக விரித்திருந்தார்கள். சுமார் 37,000 விமான நிலையங்கள் அதில் உண்டு. திருச்சியில் கிளம்பி, காவிரியின் கிளைகளைப் பிடித்துக்கொண்டு கிழக்கே வந்தால் வயல்கள் முடிகிற இடத்தில் கடல் தெரியும். இடதுபுறம் தரங்கம்பாடி, வலதுபுறம் நாகூர், நடுவில் அரசலாறு கடலில் கலக்கும் இடம். ஜன்னல் வழியே பார்ப்பதுபோலவே இருக்கும். மேகம் கலையும், வெயில் சாயும், இறக்கையில் நிழல் விழும். பள்ளியில் படிக்கும் ஒரு பெண்ணோ பையனோ இரண்டு வருடம் இதை விடாமல் ஓட்டினால், செஸ்னா 172 விமானத்தின் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். பலர் சொல்கிறார்கள்.

அந்தப் பிள்ளைக்கு விமானம் ஓட்டத் தெரியுமா?

‘தெரியாது’ என்று சொல்லிவிட்டு அத்தியாயத்தை முடித்துவிடலாம். அது அவ்வளவு நேர்மையான பதில் ஆகாது. பாதி தெரியும். எந்தப் பாதி தெரியும், எந்தப் பாதி தெரியாது என்பதை ஓட்டுகிறவரே பிரித்துப் பார்க்க முடியாமல் போவதுதான் சிக்கல்.

விமான சிமுலேட்டர் பிறக்கும்போதே விளையாட்டுப் பொருளாகவும் பயிற்சிக் கருவியாகவும் சேர்ந்தே பிறந்தது. அமெரிக்காவில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் எட்வின் லிங்க் என்பவரின் குடும்பத்துக்குப் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை இருந்தது. ஆர்கனில் காற்றை உறிஞ்சியும் தள்ளியும் இயங்கும் தோல் துருத்திகளைக் கொண்டே அவர் 1929இல் ஒரு சிறு விமானப் பெட்டியைச் செய்தார். உள்ளே உட்கார்ந்து கட்டைப்பிடியை அசைத்தால் பெட்டி சாயும், திரும்பும். விமானப் பள்ளிகள் அதைச் சீண்டவில்லை. கேளிக்கைப் பூங்காக்கள்தான் வாங்கின.

1934இல் நிலைமை மாறியது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தனியார் நிறுவனங்களின் அஞ்சல் ஒப்பந்தங்களை ரத்து செய்து, தபாலைச் சுமக்கும் வேலையை ராணுவ விமானிகளிடம் கொடுத்தார். பகலில், தெளிந்த வானில் பறந்து பழகியவர்கள் அவர்கள். பனியிலும் இருட்டிலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கச் சொன்னபோது சில வாரங்களுக்குள் ஒரு டஜன் பேர் செத்தார்கள். ராணுவம் லிங்கைக் கூப்பிட்டு ஆறு பெட்டிகள் வாங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் நேச நாடுகளின் ஐந்து லட்சம் விமானிகளாவது அந்த நீலப் பெட்டிக்குள் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள். பெட்டிக்கு மூடி உண்டு. மூடினால் வெளியே எதுவும் தெரியாது. அதற்குள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: முள் காட்டுவதைப் படி, அதை நம்பு. பறக்கும் இன்பத்தையோ தரையிறங்கும் நுணுக்கத்தையோ அது சொல்லிக்கொடுப்பதாக லிங்க் சொல்லவில்லை. தன்னால் என்ன முடியும் என்று தெரிந்த கருவி அது.

இன்றைய வீட்டுக் கணினியும் அந்த ஒரு வேலையை நன்றாகவே செய்கிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1997இல், அங்கீகாரம் பெற்ற கணினிப் பயிற்சிக் கருவிகளில் பயிற்றுநர் உடனிருந்து கற்பிக்கும் நேரத்தில் 10 மணி வரை, கருவிவழிப் பறத்தலுக்கான தகுதியில் சேர்த்துக்கொள்ள இசைந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். புதிதாகக் கற்கும் பாடத்தில் கணினி விமான நேரத்தை மிச்சப்படுத்தியது. ஏற்கெனவே கற்றதைத் திரும்பச் செய்யும்போது அந்த லாபம் கரைந்துபோனது. ரேடியோவில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேசும் முறை, வரைபடத்தைப் படிப்பது, புறப்படுமுன் சரிபார்க்க வேண்டிய வரிசை ஆகியவற்றை நாற்காலியில் உட்கார்ந்தே கற்கலாம். ஒரு மணி நேரம் செஸ்னா ஓட்டப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டிய நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. வசதியில்லாத வீட்டுப் பிள்ளை விமானி ஆக ஆசைப்பட்டால் கணினியைத் தொடாதே என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பிள்ளை முதல்முறை நிஜ விமானத்தில் ஏறும்போது பக்கத்தில் உட்காரும் பயிற்றுநர் ஒரு விஷயத்தைச் சட்டென்று கவனிப்பார். பார்வை முழுக்கக் கருவிப் பலகையிலேயே இருக்கும். வெளியே தொடுவானம் அகலமாகத் தெரிகிறது. அதைப் பார்க்காமல் சின்னத் திரையில் தெரியும் செயற்கைத் தொடுவானத்தைப் பார்த்து ஓட்டுவார். வேறு விமானம் வருகிறதா என்று தலையைத் திருப்ப மாட்டார். கால்கள் மிதிகளில் சும்மா கிடக்கும், ஏனென்றால் வீட்டில் மிதியே இல்லை. ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங் எப்போதும் ஒரே அளவு எதிர்க்கும். நிஜ விமானத்தில் வேகம் கூடினால் பிடி இறுகும், குறைந்தால் தொளதொளவென்று தளரும். வேகம் ஆபத்தான அளவுக்குக் குறைகிறது என்பதை அந்தத் தளர்ச்சிதான் கைக்கு முதலில் சொல்லும். கணினியில் வளர்ந்த கை அந்தச் சேதியைக் கேட்டதே இல்லை.

இவையெல்லாம் திருத்தக்கூடியவை. பத்து, பதினைந்து மணி நேரத்தில் பயிற்றுநர் திருத்திவிடுவார். திருத்தக் கடினமானது, ‘எனக்குத் தெரியும்’ என்ற நினைப்பு.

அந்த நினைப்பு எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்பதை நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். 780 பேரிடம், விமானிக்கு ஏதோ ஆகிவிட்டது, விமானத்தில் நீங்கள் மட்டும்தான் மிச்சம், உயிர்ச்சேதம் இல்லாமல் இறக்கிவிடுவீர்களா என்று கேட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் முதலில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். நான்கு நிமிடம்கூட ஓடாத அந்த வீடியோவில் இரு விமானிகள் ஒரு விமானத்தை இறக்குகிறார்கள். ஒலி கிடையாது. விமானிகளின் கை என்ன செய்கிறது என்றும் சரியாகத் தெரியாது. அதைப் பார்த்து ஒருவர் எதையும் கற்றிருக்க முடியாது. ஆனாலும் பார்த்தவர்களின் நம்பிக்கை, பார்க்காதவர்களுடையதைவிட 30 சதவீதம் வரை கூடியிருந்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்காவில் இதே போன்ற கேள்வியைக் கேட்டது. தரையிலிருந்து யாராவது வழி சொன்னால் பயணிகள் விமானத்தை இறக்கிவிடுவோம் என்று ஆண்களில் ஏறத்தாழ பாதிப்பேர் சொன்னார்கள். பெண்களில் ஐந்தில் ஒருவர்.

நான்கு நிமிட ஊமை வீடியோவுக்கே இந்த விளைவு என்றால், கையால் ஓட்டி, ஆயிரம் முறை பத்திரமாக இறக்கிய அனுபவம் என்ன செய்யும்? ஜப்பானில் 1999 ஜூலை 23 அன்று அதன் கடைசி எல்லை தெரிந்தது. டோக்கியோ ஹனேடாவிலிருந்து சப்போரோவுக்குக் கிளம்பிய ஆல் நிப்பான் ஏர்வேஸ் 61இல் 517 பேர் இருந்தார்கள். போயிங் 747. பயணிகளில் 28 வயது இளைஞர் ஒருவர் கத்தியுடன் காக்பிட்டுக்குள் போனார். துணை விமானியை வெளியே தள்ளினார். சிமுலேட்டர் விளையாட்டில் ஊறியவர். நிஜ 747 ஒன்றைத் தன் கையால் ஓட்டி, டோக்கியோவின் ரெயின்போ பாலத்துக்குக் கீழே நுழைந்து வர வேண்டும் என்பது ஆசை. கேப்டன் இணங்கவில்லை. அவரைக் குத்திக் கொன்றுவிட்டு அந்த இளைஞர் விமானத்தைப் பிடித்தார். வீடுகள் நிறைந்த பகுதிக்கு மேல் அது சில நூறு மீட்டர் உயரத்துக்குச் சரிந்தது. துணை விமானியும், பயணியாக வந்துகொண்டிருந்த இன்னொரு விமானியும் கதவை உடைத்துப் புகுந்து அவரை மடக்கி, விமானத்தைத் தூக்கி, ஹனேடாவிலேயே இறக்கினார்கள். கேப்டன் ஒருவரைத் தவிர அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

அந்த இளைஞர் மனநிலை பாதிக்கப்பட்டிருந்தவர், அவரை வைத்து எல்லா ஆர்வலர்களையும் அளக்கக் கூடாது. நியாயம்தான். சிமுலேட்டர் பிடித்தவர்களில் பெரும்பாலோர் சாதுவானவர்கள். ஆபத்து அவர்கள் கடத்துவதில் இல்லை. அவர்களில் ஒரு பகுதியினர் உரிமம் வாங்கி, நிஜமான விமானிகளாகி, ஒரு மேகத்தின் முன்னால் வந்து நிற்கும்போதுதான் ஆபத்து. ‘இதை நான் திரையில் நூறு முறை செய்திருக்கிறேன்’ என்று தோன்றும். நூறு முறை செய்ததும் உண்மைதான். ஆனால் அந்த நூறு முறையும் ஓர் உறுப்பு வேலையே செய்யாமல் உட்கார்ந்திருந்தது.

அந்த உறுப்பு உள்காது. ஒவ்வொரு காதுக்குள்ளும் மூன்று அரைவட்டக் குழாய்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கின்றன. உள்ளே திரவம், அதன் ஓட்டத்தை உணரும் நுண்மயிர்ச் செல்கள். தலை திரும்பும்போது குழாய் உடனே திரும்பும், திரவம் பின்தங்கும். நீர் நிறைந்த குடத்தைச் சட்டென்று சுழற்றினால் குடம் திரும்பியும் தண்ணீர் ஒரு கணம் அப்படியே நிற்கிறதே, அதுபோல. அந்த வித்தியாசத்தைத்தான் மூளை ‘திரும்புகிறோம்’ என்று படிக்கிறது. குடத்தை ஒரே வேகத்தில் தொடர்ந்து சுழற்றினால் தண்ணீரும் குடத்தோடு சேர்ந்து சுழல ஆரம்பித்துவிடும். காதிலும் அதுதான். விமானம் ஒரே சீராகச் சுமார் இருபது விநாடி திரும்பிக்கொண்டே இருந்தால் திரவம் குழாயைப் பிடித்துவிடுகிறது. காது ‘நேராகப் போகிறோம்’ என்று சொல்லிவிடும். அப்போது விமானி விமானத்தை உண்மையிலேயே நேராக்கினால், எதிர்ப்பக்கம் சாய்வதாகக் காது அலறும். அதைக் கேட்டு அவர் பழைய சாய்வுக்கே திரும்பிப் போவார். சாய்ந்த விமானம் மூக்கைத் தாழ்த்தும், வேகம் ஏறும், அவர் பிடியை இழுப்பார், சுழல் இன்னும் இறுகும்.

வெளியே தொடுவானம் தெரிந்தால் கண் காதை அடக்கிவிடும். தெரியாவிட்டால் காதுதான் ராஜா. 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கருவிவழிப் பறத்தலில் பயிற்சி இல்லாத 20 பேரை பீச்கிராஃப்ட் பொனான்ஸா விமானத்தில் ஏற்றி, வெளிப்பார்வையை மறைத்து, கட்டுப்பாட்டைக் கையில் கொடுத்தார்கள். இருபது பேரும் விமானத்தின் மீதான பிடியை இழந்தார்கள். அதற்குச் சராசரியாக 178 விநாடிகள் ஆயின. மூன்று நிமிடம்கூட இல்லை.

இப்போது வீட்டு நாற்காலிக்கு வாருங்கள். திரையில் விமானம் 60 பாகை சாய்ந்து திரும்புகிறது. கண் ‘திரும்புகிறோம்’ என்கிறது. காது ‘நாற்காலியில் இருக்கிறோம்’ என்கிறது. காது சொல்வது உண்மைதான், ஆனால் அது எப்போதும் அதையே சொல்வதால் சில வாரங்களில் மூளை அதைக் காதில் போட்டுக்கொள்வதை நிறுத்திவிடும். கருவிகளை நம்பு என்ற பாடம் வீட்டில் எளிதாக வந்துவிடுகிறது, ஏனென்றால் அங்கே கருவியை எதிர்த்து வழக்காட யாரும் இல்லை. நிஜ மேகத்துக்குள் போன முதல் நிமிடத்தில் காது எழுந்து நின்று வாதாடும். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே, அதற்கு மாறாகக் கையை அசைப்பதுதான் கருவிவழிப் பறத்தலின் முழுக் கடினம். வீட்டில் பயின்றவர் அந்தக் கடினத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பயின்றிருக்கிறார்.

பெரிய விமான நிறுவனங்களின் சிமுலேட்டர்கள் ஆறு நீரியல் கால்களில் நின்று ஆடுகின்றனவே, அவை? அவையும் காதை ஏமாற்றத்தான் செய்கின்றன. வேகம் கூடுவதாகக் காட்ட வேண்டுமென்றால் பெட்டியையே பின்னால் சாய்க்கிறார்கள். முதுகு இருக்கையில் அழுந்துவதை மூளை வேகம் என்று எடுத்துக்கொள்ளும். பல கோடி ரூபாய் எந்திரமும் ஒரு நீண்ட திருப்பத்தின் அழுத்தத்தை நிமிடக்கணக்கில் தர முடியாது. அறைக்குள் அதற்கு இடமில்லை.

அந்தச் சாய்க்கும் தந்திரத்தைத் தலைகீழாகப் போட்டால் கடலோர விமான நிலையங்களின் பழைய எமன் வந்துவிடும். இரவில் கடலை நோக்கி விமானம் வேகமெடுக்கும்போது, அந்த வேகத்தை உள்காது ‘மூக்கு அளவுக்கு மேல் தூக்குகிறது’ என்று தப்பாகப் படிக்கும். வெளியே விளக்கு இல்லை, தொடுவானம் இல்லை. விமானி மூக்கை அழுத்துவார். 2000 ஆகஸ்ட் 23 அன்று பஹ்ரைனில் இறங்க முயன்று, முடியாமல் மீண்டும் மேலெழுந்த கல்ஃப் ஏர் 072 இப்படித்தான் இருண்ட கடலுக்குள் போனது. 143 பேர். காரைக்கால் கடற்கரையில் அமாவாசை இரவில் நின்று கிழக்கே பார்த்தவர்களுக்கு அந்த இருட்டு தெரியும். மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் சில இருந்தால் அது இன்னும் மோசம். அவற்றை நட்சத்திரம் என்று விமானி நினைத்துக்கொள்வது பாடப்புத்தகங்களில் இடம்பெறும் பிழை.

நம் நாட்டின் உதாரணம் இதைவிடக் கசப்பானது. 1978 ஜனவரி 1, புத்தாண்டு இரவு. பம்பாயிலிருந்து துபாய்க்கு ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’ கிளம்பியது. இந்தியாவுக்கு வந்த முதல் 747 அது. கரையைத் தாண்டிக் கடலுக்கு மேல் வந்தவுடன் வலப்பக்கம் சற்றுத் திரும்பிவிட்டு நேராக வேண்டும். கேப்டன் பக்கத்துச் செயற்கைத் தொடுவானம் பழுதாகி, விமானம் இன்னும் வலப்பக்கம் சாய்ந்தே இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் இடப்பக்கம் சாய்த்தார். கருவி அசையவில்லை. இன்னும் சாய்த்தார். துணை விமானியின் கருவி சரியாகத்தான் காட்டியது. மாற்றுக் கருவியும் ஒன்று இருந்தது. அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நிதானம் அந்தச் சில விநாடிகளில் கிடைக்கவில்லை. கீழே அரபிக்கடல், மேலே இருட்டு. கிளம்பி இரண்டு நிமிடம் ஆகுமுன் 213 பேரும் போய்விட்டார்கள். கேப்டன் ஏறத்தாழ 18,000 மணி நேரம் பறந்தவர். அனுபவம் குறைவு என்று சொல்லி யாரும் தப்பிக்க முடியாத விபத்து இது.

இதுவரை சொன்னதை வைத்து, வீட்டு சிமுலேட்டர் போலி, விமான நிறுவனத்தின் சிமுலேட்டர் அசல் என்று யாராவது நினைத்தால் அதுவும் ஒரு மிதப்புதான். 2001 நவம்பர் 12, நியூயார்க். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, ஏர்பஸ் ஏ300. முன்னால் போன ஜப்பான் ஏர்லைன்ஸ் 747 விட்டுச்சென்ற காற்றுச் சுழலில் லேசாகக் குலுங்கியது. துணை விமானி சுக்கான் மிதியை முழுக்க ஒரு பக்கம் அழுத்தினார், பிறகு மறுபக்கம், மீண்டும் இந்தப் பக்கம். சில விநாடிகளில் செங்குத்து வால் பிய்ந்து கழன்றது. விமானத்தில் 260 பேர், தரையில் 5 பேர். அந்தச் சுழல் விமானத்தைக் கவிழ்க்கும் அளவுக்குப் பெரியதே அல்ல. சும்மா இருந்திருந்தால் கடந்திருக்கும்.

ஏன் அப்படி மிதித்தார்? அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2004இல் முடித்த விசாரணையில், சுக்கானின் வடிவமைப்போடு சேர்த்து அந்த நிறுவனத்தின் பயிற்சியையும் சுட்டிக்காட்டியது. அவர்களுடைய சிமுலேட்டரில் காற்றுச் சுழல் பாடம் ஒன்று இருந்தது. பாடம் விறுவிறுப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக, விமானம் பெருமளவு சாயும்வரை விமானியின் கட்டளைக்குக் கட்டுப்படாதபடி அதை அமைத்திருந்தார்கள். அதில் பயின்ற கைகால்கள் என்ன கற்றுக்கொள்ளும்? சுழலில் சிக்கினால் கொஞ்சம் அசைத்தால் போதாது, முழு வேகத்தில் மிதி என்று கற்றுக்கொள்ளும். தப்பான பாடத்தை அவர் மிக நன்றாகக் கற்றிருந்தார் என்பதே இதில் துயரம்.

போயிங் 737 மேக்ஸ் கதையிலும் சிமுலேட்டரின் பிழை வந்துபோனது. 2018 அக்டோபரில் லயன் ஏர் 610, 2019 மார்ச்சில் எத்தியோப்பியன் 302, இரண்டிலும் சேர்த்து 346 உயிர்கள். லயன் ஏர் கேப்டன் ஓர் இந்தியர். இரண்டாவது விபத்துக்குப் பிறகு, தன் மேக்ஸ் சிமுலேட்டர் மென்பொருள் சில நிலைமைகளைச் சரியாகக் காட்டவில்லை என்று போயிங் ஒப்புக்கொண்டது. அதிவேகத்தில், மூக்கின் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும் டிரிம் சக்கரத்தைக் கையால் சுற்றுவது எவ்வளவு கடினம் என்பது அதில் தெரியவில்லை. விமானத்தில் அதைச் சுற்ற முடியாமல் தவித்திருக்கிறார்கள். சிமுலேட்டரில் அது சுற்றியது.

சிமுலேட்டர் என்பது சமன்பாடுகளின் மூட்டை. எந்த நிலைமையில் நிஜ விமானத்தைப் பறக்கவிட்டு அளந்தார்களோ அந்த நிலைமையில் சமன்பாடு உண்மை பேசும். அளக்காத இடத்தில் ஊகத்தை, அதே தெளிவான படத்தோடு, அதே நம்பிக்கையான சத்தத்தோடு காட்டும். எல்லை தாண்டிவிட்டோம் என்று ஒரு சிவப்பு விளக்கும் எரியாது. காற்று இறக்கையை விட்டு விலகி, தூக்குவிசை போய், விமானம் கல்லாய் விழும் ‘ஸ்டால்’ நிலையை முழுமையாகக் காட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் விமான நிறுவன சிமுலேட்டர்களுக்கே 2019இல்தான் கட்டாயம் வந்தது. வீட்டு மென்பொருளில் விமானத்தைத் தலைகீழாகச் சுழற்றிவிட்டு நேராக்கி, ‘ஸ்டாலிலிருந்து மீளத் தெரியும்’ என்று சொல்கிறவர் எதிலிருந்து மீண்டார் என்பதை அந்த மென்பொருளை எழுதியவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

காரைக்கால்காரர்களுக்கு மிக நெருக்கமான விமான நிலையச் சம்பவத்தை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். திருச்சி, 2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல். துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737இல் 136 பேர். ஓடுதளத்தில் வேகமெடுத்துக்கொண்டிருந்தபோது கேப்டன் இருக்கையின் சாய்மானம் திடீரென்று பின்னால் சரிந்தது. கை உந்துவிசை நெம்புகோலில் இருந்தது. அவரோடு சேர்ந்து அதுவும் பின்னால் வந்துவிட்டது. எஞ்சின்களின் விசை குறைந்தது. விசாரணை அறிக்கையின்படி, குறைந்ததை இருவரில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஓடுதளத்தின் கடைசியில்தான் விமானம் எழுந்தது. எழுந்த வேகத்தில், தரையிறங்கும் விமானங்களுக்கு வழிகாட்டும் ஆண்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் அடிப்பகுதி உரசிக் கிழிந்தது. கோபுரத்திலிருந்து கேட்டார்கள். கருவிகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது. அப்படியே அரபிக்கடலுக்கு மேல் போய்க்கொண்டிருந்த விமானத்தைத் திருப்பி, விடியற்காலையில் மும்பையில் இறக்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. வயிற்றில் கிழிசலோடு நான்கு மணி நேரம் பறந்திருக்கிறார்கள்.

இரு விமானிகளும் 737இல் மட்டும் தலா 3,000 மணி நேரமோ அதற்கு மேலோ பறந்தவர்கள். ஆண்டுதோறும் சிமுலேட்டரில் ஏறித் தேர்வு எழுதியவர்கள். அந்தத் தேர்வுகளில் எஞ்சின் தீப்பிடிக்கும், டயர் வெடிக்கும், பறவை மோதும். நாற்காலி சரியும் பாடம் வழக்கத்தில் இல்லை. பாடத்தில் வந்த கோளாறு வந்திருந்தால் இருவரும் கண்ணிமைக்குமுன் சரியானதைச் செய்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். பாடத்தில் வராத ஒன்று வந்தபோது, விசை குறைகிறது என்று முதுகு சொல்லியிருக்க வேண்டும், முள்ளும் சொல்லிக்கொண்டிருந்தது. முதுகின் பேச்சும் எடுபடவில்லை, முள்ளின் பேச்சும் எடுபடவில்லை. உள்காதை நம்பாதே என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, முதுகைக் கேள் என்று இன்னொரு பக்கம் சொல்வது முரண்பாடாகத் தெரியலாம். மேகத்துக்குள் உடல் பொய் சொல்லும். ஓடுதளத்தில் பெரும்பாலும் உண்மை சொல்லும். எங்கே எதை நம்புவது என்பது நிஜ விமானத்தில், நிஜ பயத்தோடு, பக்கத்தில் ஒரு பயிற்றுநர் இருக்கும்போதுதான் பிடிபடுகிறது. சென்னையை அடுத்த தாம்பரத்தில் இந்திய விமானப்படை விமானிகளைப் பயிற்றுநர்களாக ஆக்குவதற்கென்றே ஒரு பள்ளி நடத்துகிறது. ஓட்டத் தெரிந்தவருக்கே சொல்லித்தரக் கற்க வேண்டியிருக்கிறது என்றால், திரை அந்த வேலையைத் தானாகச் செய்துவிடும் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

வீட்டில் சிமுலேட்டர் ஓட்டும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். விமானப் பள்ளியில் சேரும் முதல் நாளே பயிற்றுநரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். எவ்வளவு காலம், எந்த மென்பொருள், மிதி இருந்ததா இல்லையா என்பதையும் சொல்லுங்கள். உங்கள் கை எங்கே தப்பாகப் பழகியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். முதல் சில மணி நேரங்களில் கருவிப் பலகையை அட்டையால் மறைத்துவிட்டு வெளியே பார்க்கச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் ஓட்டும்போது ரேடியோப் பேச்சையும் சரிபார்ப்பு வரிசையையும் கருவி வாசிப்பையும் பழகுங்கள். தரையிறக்கத்தில் எடுத்த மதிப்பெண்ணை மறந்துவிடுங்கள். நடுவில் நிறுத்தும் பொத்தானை ஒரு மாதம் தொடாமல் ஓட்டிப் பாருங்கள், உங்களைப் பற்றியே சில செய்திகள் கிடைக்கும்.

இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பும் உங்களிடம் இருந்திருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியது 10 மணி நேரமாவது வேண்டும். அதில் 5 மணி நேரம் வரை அங்கீகாரம் பெற்ற சிமுலேட்டரில் ஓட்டியிருக்கலாம். வீட்டுக் கணினியில் ஓட்டிய நேரத்தை விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் ஒரு நிமிடம்கூடக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.